சாகாதவர்களுக்கான மரண உதவிச் சங்கம்

நாற்பத்தைந்து வயதில், ஒரு மரண உதவிச் சங்கத்தின் செயலாளர் பதவியில் இருந்துகொண்டு, பட்டப்பகலில், ஆற்றங்கரையில், ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கட்டிப்பிடித்து அழுதவன் நான். கதிரை சங்கத்துக்குச் சொந்தமானது. முதுகில் சங்கத்தின் பெயர் சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கும். இந்தக் கதிரை எத்தனை செத்த வீட்டு வாசலில் நின்றிருக்கும், ஒருவராவது அதனிடம் சுகம் விசாரித்திருப்பார்களா என்று எனக்குத் திடீரென்று தோன்றிவிட்டது. விசாரித்தேன். பதில் வராததால் அழுதேன்.

விஷயம் ஊருக்குத் தெரியும். ஆகவே இதைச் சொல்வதில் எனக்குத் தியாகம் ஒன்றும் இல்லை. பல மாதங்களுக்கு என் மனைவி, முன்வாசலில் கதிரை போடும்போதெல்லாம், "இதுக்கு இப்ப சுகமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போடுவாள்.

எங்கள் சங்கம் மாத்தளை ஊரின் ஓரத்தில், இரத்தோட்டைப் பாதையில் இருந்தது. தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளை விட்டு இறங்கி வந்து கடை, வேன், பள்ளிக்கூடம் என்று ஒட்டிக்கொண்ட குடும்பங்களின் சங்கம். கதிரைகள், ஒரு தறப்பாள் கூடாரம், இரண்டு பெரிய கேத்தல், கம்பில் கட்டிய வெள்ளைக் கொடிகள். இவைதாம் சொத்து. ஒருவர் இறந்த செய்தி வந்தால் யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். வேலை ஏற்கெனவே பிரித்தபடி இருக்கும். ஒருவர் வாசல்: வருகிறவரைப் பார்ப்பார். ஒருவர் தேத்தண்ணி. ஒருவர் வாகனம்: அடக்கம் முடியும்வரை சாராயத்தைத் தொடமாட்டார். ஒருவர் துணை: உடலுக்குப் பக்கத்தில் உட்காருவார். தன் இடத்தில் உட்கார இன்னோர் ஆள் வராமல் எழும்பக்கூடாது. செத்தவரைத் தனியே விடுவதில்லை என்பது எங்கள் ஆட்கள் கண்டிப்பாகக் காப்பாற்றிய ஒரே சட்டம். உயிரோடு இருந்தபோது அதே மனிதரைத் தாராளமாகத் தனியே விட்டிருப்பார்கள்.

இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை நிறுத்தம் வந்த காலம் அது. வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். தம்புள்ளைப் பக்கம் ஹோட்டல்கள் நிரம்பின. எங்கள் பையன்களுக்கு அங்கே வேலை கிடைத்தது. கையில் காசும், காதில் புதுச் சங்கீதமும், சட்டைப்பையில் கொழும்பிலிருந்து வந்த போதைக் குளிசையும் சேர்ந்தே வந்தன. போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளில் சாராயக்கடை பூட்டு. குளிசைக்கு அப்படிப் பூட்டு எதுவும் கிடையாது. போயா என்றால் வேனில் ஸ்பீக்கர் ஏற்றிக்கொண்டு இரத்தோட்டைக்கு மேலே ஆற்றுக்குக் குளிக்கப் போவார்கள். உட்காரச் சங்கத்துக் கதிரை. ஒருமுறை ஒரு கதிரை கால் உடைந்து திரும்பியது. எங்கள் தலைவர் இரும்புக்கடை முதலாளி. ஆணியையே எண்ணிக் கொடுப்பவர். அடுத்த முறை கதிரைகளுக்குக் காவலாக என்னை அனுப்பினார்.

அங்கேதான் அந்தக் கறுப்பு உருண்டை வந்தது. மதன மோதகம் என்று ஆயுர்வேதக் கடையில் சமிபாட்டுக்கும் பசிக்கும் என்று விற்பார்கள். அதில் கஞ்சா இலை இருப்பது விற்பவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் வாசிக்கிறவன், இதைப்பற்றி எவ்வளவோ வாசித்திருக்கிறேன். வாசித்தவனுக்கு ஒன்றும் செய்யாது என்று எப்படியோ ஒரு எண்ணம். ஓர் உருண்டை தின்றேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. "இதெல்லாம் சும்மா ஏமாற்று" என்று பையன்களிடம் அறிவித்துவிட்டு, அதை நிரூபிக்க இரண்டாவதைத் தின்றேன். பிறகு இரண்டும் சேர்ந்து வந்தன.

அன்று பின்னேரம் முழுவதும் என் பக்கத்தை விட்டு எழும்பாதவன் என் மருமகன், அக்காவின் மகன். வாடகை வேன் ஓட்டுபவன்; சங்கத்துக்கும் ஓடுபவன். நான் ஆற்றில் இறங்கப் போனபோது பிடித்து உட்கார வைத்தான். வாயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டான். நெஞ்சு அடித்துக்கொள்கிறது, சாகப் போகிறேன் என்று நான் சொல்லும்போதெல்லாம், "இல்ல மாமா, இது போயிரும், நான் இருக்கேன்" என்று அதே குரலில் சொன்னான். சிரிப்பை மறுநாளைக்கு வைத்துக்கொண்டான். எங்கே படித்தாய் இதையெல்லாம் என்று பின்னால் கேட்டேன்.

"பொணத்துக்குத் துணையிருந்த மாதிரித்தான் மாமா," என்றான். "அது பேசாது. நீங்க பேசினீங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவன் அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முந்திய வருஷம் வேறொரு கூட்டத்துப் பையன், அதே ஆற்றங்கரையில், குளிசை போட்டு ஆடிவிட்டு விழுந்தான். தூங்கட்டும், எழும்பினால் சரியாகிவிடும் என்று மரத்தடியில் படுக்க வைத்தார்கள். உடம்பு ஒரு மாதிரியாகிறது என்று தெரிந்ததும் போலிஸ் பயத்தில் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். தமிழ்ப் பையன்களுக்குப் போலிஸ் பயம் ஏன், எதற்காக என்று அந்த நாளில் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். மாடு தேடி வந்தவர் ஒருவர்தான் கண்டெடுத்தார். அந்த வீட்டில் போட்டது எங்கள் கூடாரம்தான். துணைக்கு உட்கார்ந்தது மருமகன்தான். அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து அவனுக்கு ஒரே ஒரு யோசனைதான் வந்ததாம்: இவ்வளவு நேரம் இப்போது பக்கத்தில் இருக்கிறோம், அப்போது ஒருவர் இருந்திருந்தால்?

கதிரைச் சம்பவத்துக்குப் பிறகு என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வெட்கம் பாதி. அந்தப் பையனின் நினைப்பு மீதி. நடந்துகொண்டே வாசித்தேன். நின்றுகொண்டே எழுதினேன். அடுத்த போயாவுக்கு முன் பையன்களைக் கூட்டி, போதையின் சமூக வேர்கள் பற்றி ஒரு பேச்சுப் பேசினேன். மரியாதையாகக் கேட்டார்கள். கல்லறையில் பாதிரியார் பேசும்போது கேட்பார்களே, அந்த மரியாதை. முடிந்ததும் வேனுக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டார்கள்.

மருமகன் என்னைத் தனியே கூட்டிப் போனான். "மாமா பேசினா ஒளிச்சுப் போடுறாங்க. பேசாம இருந்தா முன்னால வச்சுப் போடுவாங்க. எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க."

இதற்கு மறுமொழி தேடி நான் வீட்டிலிருந்த புத்தகங்களையெல்லாம் புரட்டினேன். இல்லை.

ஆகவே பேசாமல் இருக்கப் பழகினேன். அது எனக்கு உருண்டையை விடக் கடினமாக இருந்தது. சங்கத்தின் வேலைமுறையை அப்படியே ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனோம். வாசல் ஆள் தண்ணீர் ஓரத்தில் நின்றான். எதையாவது போட்டவன் முழங்காலுக்கு மேல் இறங்க முடியாது. தேத்தண்ணி ஆள் கேத்தலில் உப்பும் சீனியும் கலந்த தண்ணீர் வைத்திருந்தான். மிடறு மிடறாகத்தான் கொடுப்பான், குடம் குடமாக அல்ல. ஆடுகிறவர்களை இடையிடையே கூடாரத்து நிழலுக்கு இழுத்துவந்து உட்கார வைப்பதும் அவன் வேலை. வாகன ஆள் மருமகன். சாவி அவன் இடுப்பில். துணை ஆள் நான். என்ன போட்டாய் என்று மட்டும் என்னிடம் சொல்லவேண்டும்; ஏன் போட்டாய் என்று நான் கேட்கக்கூடாது. சாராயத்தோடு கலக்காதே. ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டாவதைப் போடாதே. இந்தக் கடைசி விதிக்கு உதாரணமாக என்னைக் காட்டினார்கள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். நான் கையை உயர்த்துவேன்.

ஒரு சங்கடம் இருந்தது. ஆற்றுக்கு மேலே பாதையில் போகிறவர்களுக்குத் தெரிவது கூடாரம், கதிரை, கேத்தல், தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் ஆட்கள். ஒருமுறை தோட்டத்துக் கிழவர் ஒருவரும் மனைவியும் இறங்கி வந்தார்கள். கிழவர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து, "எப்படி ஆச்சுங்க?" என்றார். உட்காரச் சொன்னேன். பால் விடாத பிளேன்டி கொடுத்தோம். ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தோம். கொஞ்ச நேரம் துக்கமாக இருந்துவிட்டு, "நல்ல சாவுதான் போல, பொடியனுங்க ஆடுறானுங்க" என்று திருப்தியோடு எழும்பிப் போனார்கள்.

இப்படியே கொஞ்சக் காலம் நடந்தது. சண்டை நிறுத்தம் பெயரளவுக்கு இருந்தது. பாதையில் சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையைப் பார்த்து நடக்க விடுவார்கள். அட்டை இல்லாத தமிழ்ப் பையன் அன்றைக்கு வீடு வந்து சேர்வான் என்று யாரும் உறுதி சொல்லமுடியாது. இனி ஆற்றுக்குப் போகவேண்டாம் என்றேன். "நாங்க போகாட்டி அவங்க தனியாப் போவாங்க மாமா," என்றான் மருமகன். போனோம்.

அன்றைக்கு நல்ல வெயில். ஹோட்டலில் அறை துப்பரவு செய்கிற பையன் ஒருவன் புதிதாக வந்திருந்தான். தாய்க்கு ஒரே பிள்ளை. தாய் இரத்தோட்டைக்கு மேலே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். ஒன்று போட்டதாக என்னிடம் சொன்னான். நான் தலையாட்டினேன். இரண்டாவதையும், அதற்கு மேல் யாரோ கொண்டுவந்த சாராயத்தையும் சொல்லவில்லை. நிழலுக்கு வரச் சொன்னால் சிரித்தபடி திரும்பிப் போய் ஆடினான். திடீரென்று ஆட்டம் ஒரு மாதிரியாக மாறியது. பல்லைக் கடித்தான். பெயர் கேட்டால் தெரியவில்லை. தொட்டுப் பார்த்தேன், ரொட்டிக் கல் மாதிரிச் சுட்டது. கையெடுப்பதற்குள் விழுந்து உதறத் தொடங்கினான்.

உடனே ஆளுக்கொரு வைத்தியர் ஆனார்கள். தேசிக்காயைத் தலையில் தேய் என்றான் ஒருவன். மோர் கொடு, வாந்தி எடுக்கட்டும் என்றான் இன்னொருவன். தூக்கி ஆற்றில் போடு என்றார்கள் இருவர். யாரோ பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னான்: "கொஞ்சம் தூங்கினாச் சரியாயிரும்."

மருமகன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. உதறல் நின்றதும் பையனைப் பக்கவாட்டாகப் படுக்கவைத்தான். சட்டையைக் கிழித்து எடுத்தான். துவாயை நனைத்து உடம்பெல்லாம் போட்டான். "கதவத் திறங்க," என்றான். வேனில் ஏற்றினோம். இரண்டாவதையும் சாராயத்தையும் கூட வந்த பையன்கள் அப்போதுதான் சொன்னார்கள்.

சிக்கல் பாதையில் இருந்தது. சாவடியில் வாகன வரிசை நிற்கும். பையனின் அடையாள அட்டை ஹோட்டல் அறையில் கிடந்தது. நான் வேனுக்குள் முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருந்தேன். அப்போது காலில் இடறியது: சீட்டுக்கு அடியில் சங்கத்தின் வெள்ளைக் கொடிகள். என் வாழ்நாளில் எனக்குத் தானாக வந்த சில யோசனைகளில் அதுவும் ஒன்று. வேனை நிறுத்தச் சொல்லி, முன்னால் இரண்டும் பின்னால் இரண்டும் கட்டினேன். பெருமையாகக்கூட இருந்தது, சொல்லத்தான் வேண்டும்.

செத்த வீட்டுக் கொடியைக் கண்டால் பஸ்கள் ஒதுங்கும். ஒதுங்கின. சாவடியில் ஓர் இளம் சிப்பாய் உள்ளே எட்டிப் பார்த்தார். ஈரத் துணி போர்த்திய உடம்பு. ஸ்டியரிங்கில் மருமகன், தலைமாட்டில் பையன்கள் இருவர். பக்கத்தில் நான், செயலாளர் வேலையில் வருஷக்கணக்காகப் பழகிய முகத்தோடு. யார் என்று சிங்களத்தில் கேட்டார். எங்கள் பிள்ளை என்றேன். அதில் பொய் இல்லை. அவர் கயிற்றைத் தூக்கினார். வேன் நகரும் நேரம் பார்த்து எங்கள் பிள்ளை, கொஞ்சம் சத்தமாகவே, "தண்ணி" என்றான். சிப்பாய் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி, வெறும் பாதையைப் பார்த்தார். அவருக்குக் கேட்டதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கொடியைப் பார்த்தார், தொப்பியைச் சரிசெய்தார், பக்கத்துக் கேட்டைத் திறந்துவிட்டார். மருமகன் வேனைத் திருப்பினான். எத்தனையோ முறை போன வழி. அவன் கை தானாகத் திருப்பியது. நானும், இடதுபக்கம் வை, வெயில் படாது என்று வழக்கம்போல் சொன்னேன். வேன் நின்றது. பிரேத அறை வாசல்.

உள்ளேயிருந்து வந்த ஊழியர் எங்களுக்குப் பழக்கமானவர். தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டே, "வாங்க செக்ரட்டரி, யாரு?" என்றார். பையனின் காலைப் பிடித்தார். பிடித்த கையை நெருப்பில் பட்டது போல எடுத்தார். அந்தச் சூட்டை அந்த வாசலில் அவர் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு பையனை வண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு ஓடினார். அந்த வண்டி அந்தத் திசையில் அதற்கு முன் ஆளோடு போயிருக்காது. நாங்கள் பின்னால் ஓடினோம்.

அவசர சிகிச்சையில் ஒரு டொக்டர், இளம் பெண், சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: என்ன உட்கொண்டான்? கதவுக்கு அப்பால் போலிஸ் காவலறை தெரிந்தது. கூட வந்த பையன்கள், வெயில், வெயில் என்றார்கள். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இன்றைய சமூகத்தில் இளைஞர்கள், என்று ஆரம்பித்தேன். மருமகன் என்னை மெதுவாக ஒதுக்கினான். குளிசை, இரண்டு, கொழும்பிலிருந்து வந்தது, சாராயமும், எத்தனை மணிக்கென்று சரியாகத் தெரியாது என்று சிங்களத்தில் நேராகச் சொன்னான். சொல்லும்போது அவன் கண் காவலறைப் பக்கம் போய்த் திரும்பியது.

டொக்டர் தாதியிடம் ஏதோ சொன்னார், பனிக்கட்டி வந்தது. போகும்போது மருமகனிடம் சொன்னார், போலிஸ் கேட்டால் தான் பேசிக்கொள்வதாக. வெயில் என்று மட்டும் சொல்லியிருந்தால் இவனுக்காகப் பேச வேண்டியிருந்திருக்காது என்றும் சொன்னார். அது எங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது: இவன் உயிரோடு இருந்திருக்கமாட்டான்.

வராந்தாவில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தோம். அதாவது அவர்கள் உட்கார்ந்தார்கள். நான் இருந்தேன், எழும்பினேன், அறிவித்தல் பலகையில் இருந்த தடுப்பூசி விபரம் முழுவதையும் மூன்று மொழியிலும் வாசித்தேன், ஒரு கான்ஸ்டபிள் வந்தபோது குனிந்து செருப்பு வாரைக் கட்டினேன். என் செருப்புக்கு வார் இல்லை. கான்ஸ்டபிள் டொக்டரோடு பேசிவிட்டு, எங்களைப் பார்க்காமலே போனார்.

அந்த நேரத்தில்தான் பஸ்ஸில் தாய் வந்தாள். சங்கத்து வேன் உன் மகனை ஏற்றிக்கொண்டு போகிறது என்று பாதையில் கண்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவள் கேட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்டது அந்த வேனைத்தான். நான்கு மூலையிலும் கொடி. நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிரேத அறைப் பக்கமாகத் தன்பாட்டில் நடக்கத் தொடங்கினாள்.

நான் ஓடிச் சேர்வதற்குள் அந்த ஊழியர் கதவடியில் அவளை மறித்துவிட்டார். "இங்க இல்லம்மா," என்றார். "அங்கிட்டு. உசுரோட இருக்கான்." அவள் நம்பவில்லை. என்னைக் காட்டி, "அப்ப இவங்க எதுக்கு வந்தாங்க?" என்று கேட்டாள்.

கொடிகளை அவிழ்க்கப் போனேன். நான் போட்ட முடிச்சு எனக்கே அவிழவில்லை.

பையன் பிழைத்தான். சில நாள் கிடந்துவிட்டு வீட்டுக்குப் போனான். சிறுநீரகம் பயம் காட்டிவிட்டுத் திரும்பியது என்று மருமகன் வந்து சொன்னான். தாய் பிறகும் என்னைக் கண்டால் பாதையின் மற்றப் பக்கம் மாறிவிடுவாள். அவளைக் குறை சொல்லமுடியாது.

தலைவர் கூட்டம் வைத்தார். கூடாரமும் கேத்தலும் எங்கெங்கே போயிருக்கின்றன என்று ஊர் முழுக்கப் பேச்சு. சங்கத்தின் சாமான் இனி ஆற்றங்கரைக்குப் போகுமா, போகாதா என்று அன்றைக்கு முடிவாகவேண்டும். போகாது என்றால் அடுத்த போயாவுக்குப் பையன்கள் தனியே போவார்கள். மருமகன் சுவரோரம் நின்று சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தான். நான் எழும்பிப் பேசினேன். வாசல், தேத்தண்ணி, வாகனம், துணை என்ற நான்கும் செத்தவனை விட உயிரோடிருப்பவனுக்கே கூடுதலாகத் தேவை என்றேன். குளிசையை நாங்கள் கொடுக்கவில்லை, நிறுத்தவும் முடியவில்லை, பக்கத்தில் இருந்தோம், அவ்வளவுதான் என்றேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். பின்வரிசையில் ஒருவர் கைகூடத் தட்டினார். முடிவில், எங்கள் சங்கத்தின் நூதனமான இந்தப் பணி நாடு முழுவதும் பின்பற்றப்படவேண்டியது என்று சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தேன்.

தலைவர் மூலையில் அடுக்கியிருந்த கதிரைகளைப் பார்த்தார். உதடு அசைந்தது, எண்ணுகிறார் என்று தெரிந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எல்லா வேலைக்கும் ஆள் போட்டிருக்கீங்க. சரி, கொண்டு போங்க," என்றார். "கொடி கழட்ட ஒரு ஆள் போடலையே, செக்ரட்டரி."